ஒத்திகையோடு நின்றுபோன வாசாப்பு

அருளப்பா,

இவ்விடம் எல்லோரும் சுகம், அவ்விடம் சுகத்துக்கு எழுதவும் என்று ஆரம்பிக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். இவ்விடம் சுகமில்லை, நீயும் எழுதப் போவதில்லை. அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். உன் தம்பி சூசை மலையில் போய்ச் சேர்ந்து வருஷம் ஒன்று ஓடிவிட்டது. அவனுடைய முப்பதாம் நாள் பூசைக்கு ஆண்டிபட்டியிலிருந்து வண்டி பிடித்து வந்தாய். கோவிலுக்குள் வராமல் வாசலிலேயே நின்றாய். பூசை முடிந்ததும் உன் ஆத்தா ஆக்கிவைத்த சோற்றைக்கூடத் தொடாமல், பள்ளிக்கூடம் இருக்கிறது என்று கிளம்பிவிட்டாய். அதோடு சரி, இந்த ஊர்ப்பக்கம் நீ தலைவைத்துப் படுக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் உனக்குத் தெரியும். இப்போது ஊர்ப் பையன்கள் எல்லாம் சேர்ந்து, வருகிற தை மாசத் திருவிழாவுக்கு மறுபடியும் வாசாப்பு போடவேண்டும் என்று சாமியார் முன்னால் போய் நிற்கிறார்கள். சாமியார், "நிறுத்தச் சொன்னவர் உபதேசியார் அருளப்பன். அவரே வந்து போடலாம் என்று சொல்லட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று சொல்லிவிட்டார். ஆகவே முடிவு உன் வாயில் இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன். இதை ஒளித்து வாசிக்க வேண்டாம், உன் பள்ளிக்கூடத்து மற்ற வாத்திமார்களிடமும் கொடு. அவர்கள் ஊர்களிலும் நம் வாசாப்பு போலப் பிள்ளைகள் பாட்டாலேயே நடத்துகிற வேதசாட்சி நாடகம் இருக்கும், அதை நிறுத்தச் சொல்ல யாராவது ஒரு படித்த மகனும் இருப்பான்.

உன் அய்யனுக்கு இவ்வளவு நீளமாக எழுத எப்போது வந்தது என்று நீ யோசிக்கலாம். நான் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் இல்லை. என் குரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஒருதரம் கோவிலில் பாடப்போய் முன்னால் நின்ற கிழவி திரும்பிப் பார்த்தாள். அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். ஆனால் வாசாப்பை விட்டு விலகி நிற்க மனசில்லை. எனக்கு வேஷம் தரமுடியாது என்று அண்ணாவியார் கையில் தீவட்டியைக் கொடுத்தார். எங்களுக்குப் பாட்டும் ஆட்டமும் கற்றுத்தந்த மனுஷர் அவர், ஊர் பேரைச் சொல்லி அழைத்ததே கிடையாது. அவர் ஏட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக ராகம் போட்டுச் சொல்லுவார், நான் பக்கத்தில் நின்று வெளிச்சம் பிடிப்பேன். காது கேட்பதை எல்லாம் கண்ணும் பார்த்துக்கொண்டே இருந்ததில், எந்த எழுத்து எந்தச் சத்தம் என்று ஒரு வருஷத்தில் பிடிபட்டுவிட்டது. கல்யாணம் ஆகி, கலப்பை பிடித்து, கை காய்த்துப்போன பிறகு படிக்கக் கற்றுக்கொண்டவன் நான். எனக்கு இதைக் கொடுத்தது எந்த மிஷன் பள்ளிக்கூடமும் இல்லை, நீ வேண்டாம் என்று சொன்ன அந்த வாசாப்புதான். எடுத்த எடுப்பில் சண்டைக்கு வருகிறேன் என்று நினைக்காதே. சண்டை கொஞ்சம் இருக்கிறது, அது பின்னால் வரும்.

உன்னைப் பற்றிச் சொல்கிறேன். இன்றைக்கு நீ உபதேசியார், நாலு ஊர் ஜனம் உன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சின்ன வயசில் உன் வாயில் ஒரு வார்த்தை வாங்க நாங்கள் பட்ட பாடு உனக்கு ஞாபகம் இருக்காது. யாராவது பேர் என்ன தம்பி என்று கேட்டால் ஆத்தா முந்தானைக்குள் போய் முகத்தைப் புதைத்துக்கொள்வாய். தண்டல்காரர் ஒருதரம், "என்னய்யா, பய ஊமையா?" என்றே கேட்டுவிட்டார். உன் ஆத்தா அழுத அழுகையைப் பார்த்துத்தான் உன்னை அண்ணாவியாரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவனுக்கு வாசல் காவக்காரன் வேஷம். ஒரே ஒரு அடி. 'யார் வருவது, நில்லும்' அம்புட்டுத்தான். ஆனா அதச் சொல்லாம ராசா சபை தொறக்காது" என்றார். அந்த ஒரு அடியை நீ வாய்க்கால் கரையில், சோளக்காட்டில், மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். நம் காளைமாடுகூட நீ நில்லும் என்றால் நின்றது. திருவிழாவன்று மேடையில் ஏறினாய், ஜனத்தைப் பார்த்தாய், கண் நிலைகுத்திவிட்டது. தூதன் வேஷத்தில் வந்தவன் உன் முன்னால் வந்து நிற்கிறான், நீ வாயைத் திறக்கவில்லை. அந்தப் பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? பாதையை மறந்தவன் போல நெற்றியில் அடித்துக்கொண்டு, திரும்பிப் போய், ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வந்தான். ஜனம் சிரித்தது, உன்னைப் பார்த்து அல்ல, அவனைப் பார்த்து. அந்தச் சிரிப்பில் உனக்கு மூச்சு வந்தது, "யார் வருவது, நில்லும்" என்று நீ போட்ட சத்தத்தில் மத்தளக்காரர் திடுக்கிட்டார். அதற்கு அப்புறம் உன் வாய் மூடவில்லை. அடுத்த வருஷங்களில் தூதன், தளபதி, கடைசியில் மந்திரி. ராசகுமாரனோடு மந்திரி செய்கிற தர்க்கத்தை நீ பாடினால் கம்பத்திலிருந்து வந்த ஆட்கள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்துவார்கள்.

உனக்காகத் திரும்பிப் போய் வந்த அந்தப் பிள்ளை மேலத்தெருக்காரன். அண்ணாவியார் போட்ட கட்டு அது. எந்த வேஷமானாலும் அதற்கு எதிர்ப்பாட்டுப் பாடுகிறவன் அடுத்த தெருக்காரனாக இருக்கவேண்டும். நாம் கீழத்தெரு. ஒரே கோவில், ஒரே சாமியார், ஆனால் மேலத்தெருவில் நம் வீட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள், கோவிலுக்குள்ளேயே அவர்கள் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். வாசாப்பு முடிந்த விடியக்காலையில் மட்டும், எதிரெதிராகப் பாடின சோடிப் பிள்ளைகள் வேஷத்தைக் கலைக்காமலே முதலில் ஒருவன் வீட்டிலும் பிறகு மற்றவன் வீட்டிலும் கஞ்சி குடிப்பார்கள். அதற்கு யாரும் தடை சொல்லக்கூடாது. அன்றிலிருந்து அவர்கள் பாட்டுச்சோடி. ஒருத்தன் கல்யாணத்துக்கு மற்றவன் வந்து நிற்கவேண்டும், ஒருத்தன் செத்தால் மற்றவன் தோள் கொடுக்கவேண்டும், தெருவாவது மண்ணாங்கட்டியாவது. ஒத்திகைக்குப் பையன் பிந்தி வந்தால் அண்ணாவியார் அவனை ஒரு வார்த்தை திட்டமாட்டார். அவன் வரும்வரை அவன் சோடியைக் களத்து நடுவில் நிறுத்திவைப்பார். தன்னால் அடுத்தவன் கால் கடுக்க நிற்கிறான் என்ற வெட்கத்துக்கு முன்னால் பிரம்பெல்லாம் எந்த மூலைக்கு? உங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வித்தை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

சூசை உன்னைப் போல இல்லை. கோம்பை நாய்க்குட்டி மாதிரி யாரைக் கண்டாலும் உறுமிக்கொண்டு திரிந்தவன். தினமும் ஒரு வீட்டிலிருந்து புகார் வரும். மாங்காய் அடித்தான், ஓட்டை உடைத்தான், எங்கள் பையன் பல்லைப் பேர்த்தான். அவனை என்ன செய்வது என்று தெரியாமல்தான் நான் அவனையும் களத்துக்குக் கொண்டுபோனேன். அண்ணாவியார் அவனுக்கு ராணி வேஷம் கொடுத்தார்! எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவனோ கையை முறுக்கிக்கொண்டு, "நானு சேலை கட்டவா? வேற ஆளப் பாருங்க" என்றான். அண்ணாவியார் கோபப்படாமல், "கட்ட வேணாம்லே. உங்க ஆத்தா ஒரு நா பூரா சுமக்குற குடத்த நீ சுமந்துட்டு வா. தண்ணி தளும்பாம நடந்தா வேஷம். தளும்புனா வேண்டாம்" என்றார். பந்தயம் என்றால் சூசை விடுவானா? ஆற்றிலிருந்து வீட்டுக்குக் குடம் குடமாகச் சுமந்தான். முதல் நாள் பாதித் தண்ணீர் அவன் முதுகில்தான் இருந்தது. பத்துப்பதினைந்து நாளில் தளும்பவில்லை. அப்புறம் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவன் என்னிடம், "அய்யா, ஆத்தாவுக்கு இடுப்பு நோகுமேய்யா, இத்தன வருசமா நாம யாரும் கேக்கவே இல்லியே" என்றான். அதிலிருந்து நம் வீட்டுத் தண்ணீர்க்குடம் அவன் தோளில்தான். ஆண்பிள்ளை சேலை கட்டுவது வெட்கக்கேடு என்று நீ பேசினாயே, அந்தச் சேலையைக் கட்டப்போனதால் என் மகனுக்கு அவன் தாய் யார் என்று தெரிந்தது, அருளப்பா.

ராணிக்கு எதிர்ப்பாட்டு ராசா. அந்த வேஷம் மேலத்தெரு ராயப்பனுக்கு. சூசை யார் பல்லைப் பேர்த்தானோ அதே ராயப்பன்! அண்ணாவியார் வேண்டுமென்றே செய்தார் என்று இப்போதும் சொல்லுவேன். முதல் வாரம் இரண்டும் முகத்தை முகம் பார்க்காமல் பாடின. வேதத்தில் சேர்ந்ததற்காக ராசா தன் மகனைக் கொல்ல ஆணை போடும் கட்டத்தில் ராணி காலில் விழுந்து மடிப்பிச்சை கேட்கவேண்டும். "பெற்ற வயிறு கேட்குது, பிள்ளையை என் மடியில் போடும்" என்று பாடிக்கொண்டே சூசை விழுவான். ஒரு நாள் அப்படி அவன் விழுந்து நிமிர்ந்தபோது ராயப்பனுக்கு அடுத்த அடி வரவில்லை. பார்த்தால் அழுகிறான். "ஏலே, ராசா அழப்படாதுடா, ஆணை போடணும்" என்று சூசை சொல்ல, "நீ இப்படிக் கேட்டா நான் எப்பிடிறா போடுவேன்?" என்று அவன் சொல்ல, களம் முழுக்கச் சிரிப்பு. மழைக்காலம் பூராவும் அந்த இரண்டும் எதிரெதிரே நின்று பாடின. ஒத்திகை முடிந்தால் கீழத்தெருப் பையனை மேலத்தெருப் பையன் பாதி வழிவரை கொண்டுவந்து விடுவான். பாதி வழிதான். அதற்கு மேலே வர விடியக்காலைக் கஞ்சி ஆகவேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் நீ வந்தாய். கார்த்திகை மாசத்து ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜனம் கோவில் முற்றத்தில் நிற்கிறது. புதுச் சாமியார் உன்னைப் பேசச் சொன்னார். நீ வெள்ளைச் சட்டையும் மேல்துண்டுமாகப் படியில் ஏறி நின்றாய். வாசாப்பு ஏன் கூடாது என்று பேசினாய். பிள்ளைகள் படிப்பைக் கெடுத்துக்கொண்டு மாசக்கணக்கில் களத்தில் கிடக்கிறார்கள், ஆண் பெண் வேஷம் கட்டுவது கண்ணியமில்லை, பார்க்க வருகிற கூட்டம் கள்ளைக் குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிறது, தீவட்டிக்கு ஊற்றுகிற எண்ணெயில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடலாம். எவ்வளவு அழகாகப் பேசினாய்! எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே நிறுத்தி ஜனத்தைப் பார்ப்பது, எல்லாம் அளந்து வைத்ததுபோல இருந்தது. அண்ணாவியார் தலையைக் குனிந்துகொண்டார். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. நான் என்ன செய்தேன்? மீசையை முறுக்கிக்கொண்டு நின்றேன். என் கையிலிருந்த தீவட்டியைத்தான் என் மகன் பிடுங்குகிறான் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. பக்கத்தில் நின்றவர், "ஒம்ம மகனா பேசுறாக?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன் பார், அந்த ஆமாமுக்கு இன்றுவரை வருந்துகிறேன்.

வாசாப்பு நின்றுபோனது. அந்தத் தை மாசத்தில் பூசை நடந்தது, சப்பரம் வந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டோம். படித்துக்கொண்டிருக்க வேண்டிய பையன்கள் படித்தார்களா என்று நீ கேட்கலாம். இரண்டொருவர் படித்தார்கள், பொய் சொல்லக்கூடாது. மற்றவர்களுக்கு வேலைவெட்டி முடிந்ததும் சாயங்காலம் என்று ஒன்று நீளமாக மிச்சம் கிடந்தது. கையைக் காலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கள்ளுக்கடைக்கு, வாசாப்பு பார்க்க வந்த கூட்டம் வருஷத்துக்கு ஒரு நாள் போனது; இவர்கள் தினமும் போனார்கள். மாசியில் வாய்க்கால் தண்ணீர் குறைந்தபோது மடை திறப்பதில் இரண்டு தெருவுக்கும் தகராறு வந்தது. தகராறு எந்த வருஷமும் வருவதுதான். ஆனால் எப்போதும் அந்தந்தத் தையில் கஞ்சி குடித்த சோடிப் பிள்ளைகள் யாராவது நடுவில் புகுந்து, "எஞ்சோடி வீட்டு மடைய்யா, விடுங்க" என்று இழுத்துக்கொண்டு போவார்கள். இந்தத் தடவை புதுசாகக் கஞ்சி குடித்த சோடி ஒன்றுகூட இல்லை. மண்வெட்டி எடுத்துவிட்டார்கள். ஒரு பையனுக்குக் கையில் வெட்டு. அன்று முதல் மேலத்தெருவும் கீழத்தெருவும் களத்துப் பாதையில்கூட முகம் பார்ப்பதில்லை.

அந்த நேரம் பார்த்து மலைமேல் அணை வேலைக்கு ஆள் பிடிக்கக் கங்காணிகள் வந்தார்கள். மேற்கே மலையாளத்துப் பக்கம் ஓடுகிற ஆற்றைக் கட்டி நம் பள்ளத்தாக்குக்குத் திருப்பப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. திரும்பினால் நம் வயலுக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. சூசை வந்து கேட்டான். "அய்யா, போயிட்டு வரட்டா? இங்கன இருந்து என்ன செய்ய? களமும் கிடையாது, பாட்டும் கிடையாது." வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். மேலத்தெருப் பையன்களோடு எங்கேயாவது மல்லுக்கு நிற்பான், அதற்கு மலையே தேவலை என்று எனக்குத் தோன்றிற்று. போ என்றேன். கீழத்தெருப் பையன்கள் ஒரு கங்காணியோடு, மேலத்தெருப் பையன்கள் வேறொரு கங்காணியோடு, கூடலூர் தாண்டிக் குமுளி மலை ஏறினார்கள். ஒரே பாதையில் போனவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் போனார்களாம். ராயப்பனும் சூசையுமா பேசாமல் போனார்கள் என்று கேட்டேன். "திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டாக" என்று வண்டிக்காரர் சொன்னார்.

மலையில் மழை பிடித்ததும் காய்ச்சல் பிடித்தது. அங்கே எல்லாருக்கும் வருவதுதான். சூசைக்கு நாலைந்து நாளில் வயிற்றோட்டமும் சேர்ந்துகொண்டது. நம் தெருப் பையன்கள் வாந்திபேதி, தொத்திக்கொள்ளும் என்று பயந்துவிட்டார்கள். அவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன், அவர்களும் தாய்க்குப் பிள்ளைகள்தான். அவனைக் குடிசையில் போட்டுவிட்டு வேறு கொட்டகைக்கு மாறிப் போய்விட்டார்கள். இது காதில் விழுந்து மேலத்தெருக் கொட்டகையிலிருந்து ராயப்பன் கிளம்பியிருக்கிறான். அவன் ஆட்கள் வழியை மறித்துக்கொண்டு நின்றார்களாம். "அவன் ஒனக்குச் சோடி கிடையாதுடா. நீங்க மேடை ஏறலை, கஞ்சி குடிக்கலை. போகணும்னு ஒனக்குக் கட்டாயம் இல்லை" என்றார்களாம். முறைப்படி பார்த்தால் அவர்கள் சொன்னது சரிதான். மேடை ஏறாதவர்கள் சோடி ஆவதில்லை. ராயப்பன், "ஒத்திகை பாத்தோம்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிட்டான். சூசையின் கடைசி நாட்களில் அவனுக்குக் கஞ்சி ஊற்றினவன், துணி அலசினவன், தலையை மடியில் வைத்துக்கொண்டவன் எல்லாம் அந்தப் பிள்ளைதான். அங்கேயே மலைச்சரிவில் குழி வெட்டினவனும் அவன்தான். பக்கத்துக் கொட்டகை மலையாளத்தார் இரண்டு பேர் தோள் கொடுத்தார்களாம். ஓர் அப்பன் செய்யவேண்டியதை, என் வீட்டுத் தண்ணீர் குடிக்காத தெருவில் பிறந்தவன் செய்தான்.

சேதி சொல்ல அவனே இறங்கி வந்தான். நம் வாசலில் வந்து நின்றதும் தெரு கூடிவிட்டது. உள்ளே வா என்று கூப்பிட எனக்குப் பயம். வந்தால் அவனுக்கு அவன் தெருவில் என்ன நடக்குமோ என்ற பயம். அவன் நேராக உள்ளே வந்து உன் ஆத்தா முன்னால் உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்ததும், "ஆத்தா, கஞ்சி இருக்கா?" என்றான். அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அவள் ஊற்றினாள், அவன் குடித்தான். "இப்ப நாங்க சோடிதான். அவன் பங்கு எங்க வீட்டுல பாக்கி இருக்கு. நீங்க வந்து குடிக்கணும்" என்றான் என்னைப் பார்த்து. நான் போனேனடா. கீழத்தெருக்காரன் மேலத்தெரு வீட்டுக்குள் உட்கார்ந்து, அவனுடைய ஆத்தா ஊற்றின கஞ்சியைக் குடித்தேன். ஒருவரும் தடுக்கவில்லை. இரண்டு தெருவும் மறுபடி பேச ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். இப்போது சாமியார் முன்னால் போய் நிற்கிற பையன்களுக்கு முன்னால் நிற்கிறவனும் ராயப்பன்தான்.

நீ சொன்னதெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பையன்கள் தூங்கி விழுந்தது உண்மை. கள்ளுக் குடித்தவர்கள் கலாட்டா செய்தது உண்மை, நானே இரண்டு பேரைத் தீவட்டிக் கட்டையால் அடித்திருக்கிறேன். கூரையும் வேண்டியதுதான். கூரை இல்லாத பள்ளிக்கூடத்தில் எப்படிப் பாடம் சொல்லுவாய்? ஆனால் நிறுத்துவதற்கு முன்னால் எங்களைக் கூப்பிட்டு, இதை எப்படி ஒழுங்காக நடத்தலாம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒத்திகையைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னால் அண்ணாவியார் முடித்திருப்பார். எண்ணெயைக் குறைக்கச் சொன்னால் நான் குறைத்திருப்பேன். நீ கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊரே வாயை மூடிக்கொண்டது. பாட்டு ராகமும் வேஷமும் ஒருபக்கம் கிடக்கட்டும். வயசுப் பிள்ளைகளுக்கு அடுத்தவன் அடியை எடுக்கும்வரை காத்திருக்கத் தெரிவதும், அவன் தடுமாறினால் தான் ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவனைக் காப்பாற்றத் தெரிவதும் வேறு எங்கே கிடைக்கிறது, நீயே சொல். நீ கூரை போட்ட பள்ளிக்கூடத்தில் கிடைத்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். எழுதிப் பார்த்தேன், அது பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். கோபம் இருக்கிறது. வாசாப்பு நடந்திருந்தால் அவன் மலைக்குப் போயிருக்கமாட்டான் என்று ஒரு மனசு சொல்கிறது. போ என்று சொன்ன வாய் உன்னுடையது இல்லையாடா கிழவா என்று இன்னொரு மனசு கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் கிடந்து மாய்கிறேன். உன் ஆத்தாவோ என்னைப் போல் இரண்டு மனசுக்காரி இல்லை. போன வாரம் அவரைக் கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று திரும்பி, "எம்புள்ள ஒண்ண மலை தின்னுருச்சு. இன்னொண்ண வெக்கம் திங்கிதே, அப்பன்னு ஒரு ஆளு இங்கன சும்மா ஒக்காந்திருக்கீகளே" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் காகிதத்தை வாங்கிவந்தேன். பல் எனக்குப் பாதி போய்விட்டது, கண்ணும் மங்குகிறது. செத்தவனை நான் கூப்பிட முடியாது. இருக்கிறவனையும் கூப்பிடாமல் விட்டுவிட்டுச் செத்தால் அது எனக்கு நரகத்தைவிட மோசம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா. அதே படியில் ஏறி நின்று, வாசாப்பு போடலாம் என்று சொல். உன் தப்பு என்று ஊர் முன்னால் நீ சொல்ல வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம், அந்த ஒரு வார்த்தை போதும். ராயப்பன் ராசா வேஷம் கட்டுகிறான். ராணி வேஷத்துக்கு நம் தெருவில் ஒரு பையனை அண்ணாவியார் பார்த்துவைத்திருக்கிறார். உன் ஆத்தா தன் சேலையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை இத்தனை நாள் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். மறந்துபோய் அல்ல. சொன்னால் உனக்கு ஆறுதலாகப் போய்விடுமே என்ற கோபத்தில்தான். நீ படியில் நின்று பேசின அந்த ஞாயிற்றுக்கிழமை, சூசை என் இடது பக்கத்தில் நின்றான். மழைக்காலம் முழுக்க அவன் உயிரைக் கொடுத்துப் படித்த ராணி வேஷத்தை நீ ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாய். இவன் கல்லை எடுப்பான், கத்துவான் என்று பயந்து நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் கண் உன்னை விட்டு அசையவில்லை. முகம் பூராவும் சிரிப்பு. என் காதருகே குனிந்து சொன்னான்: "அய்யா, அண்ணன் எப்பிடிப் பேசுறாக பாத்தீகளா? ஒரு எடத்துல தடுமாறலையே! மந்திரி வேசம் கட்டுன வாயில்ல!"

வந்து பேசுடா.

உன் அய்யா